சங்கீத மண்டபங்கள் யாருக்கு?

சென்னைப் பட்டணத்தில் டிசம்பர் மாதம் பிறந்தவுடன், கச்சேரி காலம் வந்துவிட்டதென்றும், நகரமே சங்கீதத்தில் முழுகிவிட்டதென்றும் பத்திரிகைகள் எழுத ஆரம்பித்துவிடுகின்றன. சங்கீத வித்வத் சபை என்கின்ற மியூசிக் அகாடமியின் மண்டபம் நகரத்துக்கே பெருமை என்றும் சொல்லப்படுகின்றது. இப்படிச் சொல்லுகிறவர்கள் நகரம் என்று யாரைச் சொல்லுகிறார்கள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அம்மண்டபத்தில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். 2011 ஜனக்கணக்கின்படி சென்னையின் ஜனத்தொகை 46 லட்சத்துக்கு மேல். ஒரு நாள் வந்தவர் மறுநாள் வராமல், வருஷம் முழுதும் ஒரு நாளும் மூடாமல் கச்சேரி நடத்தினாலும், எல்லோரும் ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து எழுந்துவர ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகும். நடப்பதோ அப்படியன்று. உட்கார்ந்தவர்களேதான் திரும்பத் திரும்ப உட்காருகிறார்கள்.

"எந்த மண்டபத்திலும் ஊரார் எல்லோரும் அடங்கமாட்டார்களே, பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினால் யாரையும் ஜாதி கேட்டு நிறுத்துவதில்லையே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். வாயிலில் யாரும் ஜாதி கேட்பதில்லை. நாம் குறை சொல்லுவதும் இடம் போதாமையை அன்று. உள்ளே ஒரு நாளும் நுழையாத லட்சக்கணக்கான மக்களுக்கும் அம்மண்டபம் ஒரு பாடம் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. எது உயர்ந்த கலை, எது தாழ்ந்த கலை, யார் வித்வான், யார் வெறும் வேலைக்காரன் என்பதே அந்தப் பாடம். ஒரு பெரிய கலை மண்டபம் நகரத்தில் செய்கின்ற முக்கியமான வேலை இதுதான் என்பது நமது அபிப்பிராயம். பாட்டும் கூத்தும் அதற்கு அடுத்தபடிதான்.

அந்தப் பாடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதனோடு ஒரு சங்கீத மகாநாடு நடந்தது. அதன் பயனாக 1928-ல் இந்தச் சபை தோன்றிற்று. மண்டபத்துக்கு 1955-ல் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1962-ல் அது திறக்கப்பட்டது. ஆனால், தமிழ்நாட்டின் தலைநகரத்தில் தமிழர் கேட்கும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு அதிகம் வேண்டும் என்று 1941-ல் சிதம்பரத்தில் கூடிய மகாநாடு கேட்டபோது, இதே சபை அக்கிளர்ச்சியை எதிர்த்து நின்றது. அதனால்தான் 1943-ல் தமிழிசைச் சங்கம் என்று தனியாக ஒன்று வேண்டியதாயிற்று. தன் வீட்டில் தன் மொழியில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு ஜனசமூகம் தனிச் சங்கம் வைத்துக் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது உலகத்தில் வேறெங்கே உண்டு என்று கேட்கின்றோம்.

நிற்க, நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுவோம். நாகசுரக்காரர் தோளில் துண்டு போடக்கூடாது, போட்டிருந்தால் எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை இந்நாட்டில் இருந்ததும், அதைச் சுயமரியாதை இயக்கத்தார் எதிர்த்ததும் நம் வாசகர்களுக்குத் தெரியும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு இணங்காமல் மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. 1956-ல் அவர் காலமாகும் வரையில் சபையின் பெரிய பட்டமாகிய சங்கீத கலாநிதி அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு சில நாகசுர வித்வான்களுக்கு அது கிடைத்திருக்கின்றது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் மங்கள இசை என்ற பெயரால் தொடக்கத்தில் ஊதச் சொல்லி அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நாகசுரத்துக்குக் கிடைக்கும் மரியாதை.

பெண்களுக்கு நடந்தது என்ன? சபை தோன்றி 40 வருஷம் கழிந்து, 1968-ல்தான் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்கு அப்பட்டம் கொடுக்கப்பட்டது. பெண்ணொருவருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. பரம்பரையாக ஆட்டக்கலையைக் காத்துவந்த குடும்பத்தில் பிறந்த பாலசரஸ்வதி அம்மையாருக்கு அது கிடைத்தது 1973-ல்.

இவற்றையெல்லாம்விட வெட்கக்கேடான சங்கதி ஒன்று உண்டு. மேடையில் முழங்குகின்ற மிருதங்கத்தின் இரண்டு முகங்களும் தோல். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதம் பார்த்து, வாரிழுத்து, சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். பசு புனிதம் என்பவரும் அந்தத் தோலின் நாதத்துக்குத் தலையாட்டுகிறார்கள். ஆனால் தோலைத் தொட்டவன் பெயர் மட்டும் மண்டபத்தில் கேட்கக்கூடாது! இந்தத் தொழிலாளரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புஸ்தகமாக எழுதினார். அதை வெளியிட முதலில் அரங்கம் கொடுத்த கலாக்ஷேத்திரம், பிறகு அனுமதியை ரத்து செய்துவிட்டது. கலாக்ஷேத்திரம் தனி மனிதர் சொத்தல்ல. பார்லிமெண்டு சட்டத்தால் ஏற்பட்டு, மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. வரி கொடுக்கும்போது தீண்டாமை இல்லை, அரங்கம் கேட்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

அதே கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி பட்டம் என்று 2024-ல் வித்வத் சபை அறிவித்தபோது, சில பாடகர்கள் அந்த வருஷக் கச்சேரியில் கலந்துகொள்ளமாட்டோம் என்று விலகினார்கள். அவர் பெரியாரைப் போற்றினார் என்பது அவர்கள் எடுத்துச்சொன்ன காரணங்களில் ஒன்று. சபை தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காகச் சபையைப் பாராட்ட நாம் பின்வாங்கவில்லை. ஆனால் கலையில் ஜாதியைப் பேசாதே, அரசியலைக் கொண்டுவராதே என்று இத்தனை காலம் நமக்கு உபதேசம் செய்தவர்களின் உபதேசம் அன்றைக்கு எங்கே போயிற்று?

"மக்கள் கலைக்குத்தான் சென்னை சங்கமம் இருக்கிறதே" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-ல் மறுபடியும் ஆரம்பித்த அவ்விழாவில் பறையும் கரகமும் ஒயிலாட்டமும் பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் நடப்பது நமக்கு மகிழ்ச்சியே. காசில்லாதவனும் பிள்ளை குட்டிகளோடு நின்று பார்க்கிறான். ஆனால் பொங்கலை ஒட்டிச் சில நாள் வெளியில் ஆட விட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் குளிர்ந்த மண்டபத்தை வேறொரு கூட்டத்துக்கே வைத்திருப்பது, கலையிலும் சேரி வேறு, ஊர் வேறு என்று பிரித்து வைப்பதேயல்லாமல் வேறென்ன?

நாம் எந்தத் தனி மனிதர் மீதும் துவேஷம் கொண்டு இதை எழுதவில்லை. யாருடைய பாட்டையும் நிறுத்தச் சொல்லவுமில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் கலைவாணர் அரங்கம் முதலிய எல்லா மண்டபங்களிலும், மாலை நேரத்தில், நல்ல நாளில், கூத்துக்கும் பறைக்கும் நாகசுரத்துக்கும் மற்ற வித்வான்களுக்குக் கொடுக்கும் அதே மேடையும் அதே கூலியும் கொடுக்க வேண்டும் என்கிறோம். ஏழை எளியவர் உட்காரக் கடைசி வரிசையை மட்டும் ஒதுக்காமல் முன்வரிசையிலும் இடம் வேண்டும் என்கிறோம். மிருதங்கம் வாசிப்பவர் பெயரோடு அதைச் செய்தவர் பெயரும் அழைப்பில் அச்சாக வேண்டும் என்கிறோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை மண்டபத்தைக் குறை சொல்லுவது சுலபம். நம் ஊர்க் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நாகசுரக்காரரும் பறையடிப்பவரும் வருகிறார்களே, அவர்களை எங்கே உட்காரவைக்கிறோம்? எந்தப் பந்தியில் சாப்பாடு போடுகிறோம்? வா, போ என்று ஒருமையில் கூப்பிடாமல் இருக்கிறோமா? பேசிய கூலியைக் குறைக்காமல் கையில் கொடுக்கிறோமா? இதற்கு நேராகப் பதில் சொல்ல முடிந்தவனே சென்னை மண்டபத்தின் கதவைத் தட்ட யோக்கியதை உடையவன். ஆகவே, முதலில் நம் வீட்டுப் பந்தலில் அவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து போய் அந்தக் கதவைத் தட்டுவோம்.