சொல்ல நாணும் நோய்

கண்ணுக்குப் புண் தெரிவதில்லை, வீக்கமில்லை, பரிசோதனைச் சாலையிலிருந்து வரும் சீட்டிலும் கிருமி எதுவும் இல்லை. ஆயினும் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் மூன்று மாதத்துக்கும் மேலாக எரிச்சலும் கத்தியால் கீறினாற்போன்ற வலியும் ஓயாமல், சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் நாற்காலியில் உட்காரவோ இறுக்கமான உடை உடுத்தவோ கணவனோடு கூடி வாழவோ இயலாது அவதியுறும் ஸ்திரீகள் உலகெங்கும் இருக்கிறார்கள். வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு வல்வோடினியா என்று பெயர்.

இதை அபூர்வ வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரத்துப் பெண்களிடையே ஹார்லோ, ஸ்டூவர்ட் என்னும் இருவர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் வாழ்நாளில் என்றேனும் இத்தகைய வலியை மூன்று மாதமோ அதற்கு மேலோ அனுபவித்ததாகக் கூறினர். அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் சிகிச்சையை நாடவே இல்லை. நாடியவர்களிலோ 60 சதவீதத்தினர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வைத்தியர்களின் வாசலை மிதிக்க நேர்ந்தது.

ஒருவர் பூஞ்சைக்குக் களிம்பு எழுதித் தருவார். அடுத்தவர் மாத்திரையை மாற்றுவார். மூன்றாமவர், "உடம்பில் ஒன்றுமில்லையம்மா, எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்பிவிடுவார். நோயைவிட இந்த வார்த்தையே அதிகம் வதைக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். தாயிடமும் சொல்லக் கூசி, கணவனின் மனத்தாங்கலுக்கும் ஆளாகி, இரவெல்லாம் தூக்கமின்றித் தன் உடம்பையே சந்தேகிக்கத் தொடங்கும் ஒருத்தி, உலகமே தன்னை நம்பவில்லை என்ற முடிவுக்கு வந்தால் அதில் ஆச்சரியமென்ன? மனச்சோர்வும் பதற்றமும் முன்பே உடையவர்களுக்கு இவ்வலி வர இடம் அதிகமென்றும், வலி வந்தபின் அவை புதிதாகவோ மீண்டுமோ தலைதூக்குகின்றன என்றும் 2011-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. மனத்துக்கும் வலிக்கும் இத்தகைய சம்பந்தம் இருப்பதனாலேயே வலி பொய்யாகிவிடுமா?

பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் யோனித் துவாரத்தைச் சுற்றிலும் இடம் இடமாக இலேசாகத் தொட்டு, எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதே இதற்கான முக்கியப் பரிசோதனை. அதற்குச் சில நிமிஷங்கள் போதும். சிகிச்சையும் இல்லாமல் இல்லை. இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபியும், மரத்துப்போகச் செய்யும் களிம்பும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் பயன் தருகின்றன. எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் உளவியல் சிகிச்சையால் வலியே குறைகிறது என்பதைக் கனடாவில் ஸோஃபி பெர்ஜரோன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கிற்று.

ஆதலால் பெண்கள் நல வைத்தியர்கள், இவ்வலியோடு வருகிறவளிடம் அவள் தூக்கத்தையும் மனநிலையையும் அவசியம் விசாரித்து, மனநல ஆலோசகரிடம் அனுப்புகையிலும், "வலி உண்மை, அதற்கு வைத்தியம் பார்ப்பதை நான் நிறுத்தப்போவதில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணவன்மார்களும் மனைவியின் மறுப்பை வெறுப்பென்று கொள்ளாது, அடுத்த முறை அவளோடு தாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.