ஒரு 'ட்' விழுங்கப்பட்டால்

இலங்கையில் மட்டுமே வாழும் ஓர் எறும்புக்கு ஆங்கிலத்தில் 'ரெலிக்ட்' எறும்பு என்று பெயர். அதன் துணைக்குடும்பத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒற்றை இனம்தான், சொந்தபந்தமெல்லாம் புதைபடிவமாகிவிட்டன. 1955இல் எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டில் தேடிக் கண்டு ஆராய்ந்த இந்த எறும்பை, கடைசி 'ட்'டை விழுங்கி 'ரெலிக்' எறும்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு.

எழுத்துப் பிழைதானே என்று விட்டுவிட முடியாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே: விட்டுச்செல்வதைக் குறிக்கும் லத்தீன் வினை. ரெலிக் என்பது போனவர் விட்டுப்போன பொருள். கண்டி தலதா மாளிகையில் உள்ள புத்தரின் புனிதப் பல் அப்படி; பழைய கோவாவில் வெள்ளிப் பேழைக்குள் இருக்கும் பிரான்சிஸ் சவேரியாரின் உடலும் அப்படி. ரெலிக்ட் என்பது மற்றவர்கள் போனபின்பும் உயிரோடு நிற்பது. பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் கைம்பெண்ணையே இந்தச் சொல்லால் குறித்தார்கள். கணவர் புனிதராக இருந்தால் அவர் எலும்பு ரெலிக், மனைவி ரெலிக்ட். குரூரமான வழக்குதான், ஆனால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

தமிழ்ச் செய்திகளில் இரண்டுமே 'எச்சம்' ஆகிவிடுகின்றன. பறவை போடுவதும் எச்சம்தான் என்பது கூடுதல் சங்கடம். முதலாவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கத்தோலிக்கர்கள் திருப்பண்டம் என்பார்கள், பௌத்தத்தில் தாது. இரண்டாவதற்குத்தான் பெயர் நிலைக்கவில்லை. 'எஞ்சுயிர்' என்று வைத்தால் என்ன குறை?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 2003இல் தவளை ஆய்வாளர்கள் பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசூயிட்டும் அதை உலகுக்கு அறிவித்தபோது, நெருங்கிய உறவுகள் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருப்பது தெரியவந்தது. 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பகுதியிலிருந்து அறியப்பட்ட இன்னோர் இனத்துக்கு, கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைச் சூட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் ஊதாத் தவளை, மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து ஓடையில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வேகநீரில் வளரும்.

இதைப் போய் 'எச்சம்' என்று அச்சிட்டால் வாசகர் கண்முன் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிதான் வரும். பேழையைப் பூட்டிக் காவல் போட்டால் எலும்பு பத்திரம். தவளைக்கோ ஓடை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; தடுப்பணை எழும்பித் தண்ணீர் தேங்கினால் தலைப்பிரட்டைகள் வளரும் வேகநீர் அங்கே இருக்காது. அந்த அணையைப் பற்றி எழுதப்போகும் நிருபராவது 'எச்சம்' என்று போடாமல் இருக்கலாம்.