நெட் எங்கே அறுந்தது?



கொஞ்ச நாளாக நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில், கதைகளையும் கட்டுரைகளையும் பற்றிய கருத்துகளுக்கு நடுவே ஒரு முறையீடும் வந்துகொண்டிருக்கிறது. ‘வீட்டில் வைஃபை போட்டிருக்கிறோம். மாதாமாதம் பணம் கட்டுகிறோம். கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வரமாட்டேன் என்கிறது. யாரைக் கேட்பது?’ எழுதுபவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்காகக் கவலைப்படும் அம்மாக்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகளையும் பேரனையும் பார்ப்பதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கும் தம்பதியரும் உண்டு.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. முன்பு அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் குடும்பத்தோடு போய் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது கெடு முடிவதற்குள் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிந்தாக வேண்டும். தேர்வாணையத் தேர்வுக்கு விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாமே அப்படித்தான். கடைசி நாள் மாலையில் நெட் நின்றுபோன வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு தவிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்கே கொடுக்கிறேன்.

நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடியுங்கள். தெருவிலிருந்து கேபிள் வழியாக வீட்டு வைஃபை பெட்டிக்கு, பெட்டியிலிருந்து காற்று வழியாகக் கம்ப்யூட்டருக்கு, பிறகு கம்ப்யூட்டரின் உள்ளே என்று இணையம் மூன்று கட்டமாக வருகிறது. எங்கே அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை. அதனால்தான் லைன் போன வீட்டில் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கம்ப்யூட்டர் கெட்ட வீட்டில் நெட் கம்பெனிக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க உங்கள் செல்போனே போதும். ஆனால் அதில் மொபைல் டேட்டாவை முதலில் அணைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல், ‘போனில் வருகிறதே’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். போன் சிம் கார்டு வழியாக ஓடிக்கொண்டிருக்கும், வைஃபையோ செத்துக் கிடக்கும். டேட்டாவை அணைத்து, வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

போனிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் போய் நில்லுங்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர்தான். அந்தப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கோ ரோடு தோண்டியிருப்பார்கள், மரக்கிளை வெட்டியிருப்பார்கள், எலியோ அணிலோ கடித்திருக்கும். உங்கள் வீட்டிலேயே பெருக்கும்போது கேபிள் மடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. உள்ளே இருப்பது தலைமுடி கனத்துக் கண்ணாடி. இறுக்கி மடித்தால் ஒளி வழியிலேயே சிதறிப்போகும். அந்த மெல்லிய கேபிளை ஆணியில் சுற்றித் தொங்கவிடாதீர்கள், கதவிடுக்கில் நசுங்க விடாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் பயன் இல்லை. புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

சிவப்பு இல்லை, பி.ஓ.என். என்று போட்ட விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் பெட்டியை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். பொறுமையில்லாமல் நடுவில் மறுபடி அணைக்க வேண்டாம். கரண்ட் போய் வந்த பிறகு பெட்டி அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். டிவி செட்டாப் பாக்ஸின் அடாப்டர் முனை இதற்கும் பொருந்தும் என்பதால் மாறிப்போவது சகஜம். பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதுவே அடாப்டரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்னால் குண்டூசி மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது ரீசெட். அணைத்துப் போடுவதும் ரீசெட் செய்வதும் ஒன்றல்ல. அந்தத் துளையில் ஊசியை வைத்துச் சில நொடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பல இணைப்புகளில் கம்பெனி போட்டுக்கொடுத்த யூசர்நேம் எல்லாம் அழிந்துபோகும். ஒரு மணி நேரக் கோளாறு மூன்று நாள் கோளாறாக மாறுவது இந்தத் துளையால்தான்.

இனி, டேட்டாவை அணைத்த பிறகும் போனில் நெட் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்ற நிலை. கடிதங்களில் அதிகம் வருவது இதுதான். கம்ப்யூட்டரின் வைஃபை பட்டியலைத் திறந்து உங்கள் வீட்டுப் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

எந்தப் பெயருமே தெரியவில்லை என்றால் ஏரோப்ளேன் மோடு விழுந்திருக்கலாம். லேப்டாப்பின் மேல்வரிசையில் விமானப் படமோ ஆன்டெனா படமோ போட்ட ஒரு விசை இருக்கும். துடைக்கும்போது அது அமுங்கிவிடும். பழைய லேப்டாப்புகளில் பக்கவாட்டில் சின்னத் தள்ளு ஸ்விட்சே உண்டு. இதெல்லாம் சரியாக இருந்தும் வைஃபைக்கான பொத்தானே காணவில்லை என்றால் வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெட்டிருக்கலாம். டிரைவரை இறக்க நெட் வேண்டுமே, அதுதானே இல்லை என்று கேட்பீர்கள். போனை யூஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். வைஃபை கருவி இல்லாமலேயே கம்ப்யூட்டருக்கு நெட் கிடைத்துவிடும். அவசரமாக ஒரு விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கவும் இது கைகொடுக்கும். உள்ளேயிருக்கும் வைஃபை கார்டே போய்விட்டது என்றாலும் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கட்டைவிரல் அளவு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும்.

பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் தெரிகின்றன, நம் பெயர் மட்டும் இல்லை என்றால் காரணம் வேறு. வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பெயரின் கடைசியில் ‘5ஜி’ என்று ஒட்டியிருப்பது இரண்டாவது. செல்போன் கம்பெனிகளின் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில் இதை முதலில் பாருங்கள். பெட்டியில் 2.4 அணைந்திருந்தால் நெட் கம்பெனிக்காரரிடம் அதைப் போட்டுவிடச் சொன்னால் போதும்.

பெயர் தெரிகிறது, ஆனால் சேரவில்லை என்பது பெரும்பாலும் பாஸ்வேர்டுச் சிக்கல். பெட்டியை மாற்றும்போது பழைய பெயரையே வைத்துப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டர் பழையதையே சொல்லிக்கொண்டு நிற்கும். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்பது எல்லாவற்றிலும் குழப்பமானது. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் படியுங்கள். பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் பெட்டியிடமிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துப் பதில் வராததால் விண்டோஸ் தானாகவே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அதே செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. உங்கள் கோப்புகள், படங்கள் எதையும் அது தொடாது. வைஃபை பாஸ்வேர்டை மட்டும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் இதழுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் அம்மா ஒருவர், பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்துச் சார்ஜ் போட்டார். வைஃபை உடனே சேர்ந்தது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும், ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வந்தது. கடையில் காட்டினால் வைரஸ், ஃபார்மட் செய்ய வேண்டும் என்றார்கள். அவர் நம் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, கணினிப் பிரிவுத் தம்பி, “அம்மா, வலது பக்கம் கீழ் மூலையில என்ன தேதி காட்டுது?” என்று கேட்டார். பல வருடம் பின்னால் நின்றது தேதி. ஒவ்வொரு தளமும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற சான்றிதழ் ஒன்றைக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறது. தேதியைத் திருத்தியதும் எல்லாத் தளமும் திறந்தது. மேசைக் கம்ப்யூட்டரில் தேதி தினமும் பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் 2032 என்ற எண் போட்ட பேட்டரி, எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும்.

நெட் வரவில்லை என்பதற்காக ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள். அதற்கு அவசியம் வருவது அபூர்வம். போன வருடக் கல்யாணப் படமும் பிள்ளையின் ப்ராஜெக்டும் போய்விட்டால் திரும்பாது. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால்தான் நெட் நின்றது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாதுகாப்பு அப்டேட்டுகள் பற்றி யோசிக்கத்தான் வேண்டும், ஆனால் வைஃபை அதனால் நிற்காது.

வேகம் குறைந்து விட்டுவிட்டு வருகிறதா? பெட்டியை இரும்பு பீரோவின் மேலிருந்தும் டிவியின் பின்னாலிருந்தும் எடுங்கள். இரும்பு அலையைத் தடுக்கும். கண்ணாடி பதித்த பீரோ என்றால் கண்ணாடியின் பூச்சும் சேர்ந்து தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறக்குறைய அதே 2.4 அலைவரிசையில்தான். பால் சுட வைக்கும்போது வீடியோ கால் அறுவது இதனால்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பல வீட்டுப் பெட்டிகள் ஒரே சேனலில் நின்றால், ஒரே அறையில் நாலு பேர் ஒன்றாகப் பேசுவதுபோல் எதுவும் காதில் விழாது. 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றையொன்று இடிக்காதவை. கம்ப்யூட்டரும் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் 5-க்கு மாறிவிடுங்கள். சுவர்களைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் 2.4தான் நல்லது.

உதவி கேட்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நெட் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி, முதலில் வருவதற்கு அடிக்கிறார்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் மரியாதையாகப் பேசி, உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அடுத்த சில நிமிடங்களில் வங்கிக் கணக்கு காலியாகும். எண்ணை உங்கள் பில்லிலிருந்தோ கம்பெனியின் சொந்தச் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கலந்தாய்வு நேரத்தில் எதுவுமே சரியாகவில்லை என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். பொறியியல் சேர்க்கைக்கென்று மாவட்டங்களில் உதவி மையங்கள் இயங்குகின்றன. கடைசி நாள் வரை காத்திராமல் அங்கே அழைத்துப் போங்கள்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் இணைப்பின் கணக்கு எண், யூசர்நேம், வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பில்லில் உள்ள புகார் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். இதற்குப் பிறகும் தீராத கோளாறு இருந்தால், பெட்டியில் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, ஐபிவி4 அட்ரஸ் என்ன எண்ணில் தொடங்குகிறது என்ற இரண்டையும் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்