டிக்கெட்டில் ஏறாத 100 கிலோமீட்டர்

பூதிகோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சவாரியில் பாதி ஏர்போர்ட்டுக்குத்தான். ஹைதர் அலி பிறந்த ஊரில் ஏற்றி, அவர் மகன் திப்பு பிறந்த தேவனஹள்ளியில் இறக்கிவிடுவேன். ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருக்கும் நடுவே ஏர் இந்தியா நேர் விமானம் விட்டது. கேப்டன் ஜோயா அகர்வாலும் பெண் விமானிகளும் வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், சுமார் பதினேழு மணி நேரம். சுவரில் மாட்டிய உலகப்படத்தைப் பார்த்தால் எதற்கு வடக்கே ஏறுகிறார்கள் என்று தோன்றும். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அதுதான் குறுக்கு வழி. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று வீசுவதால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது. அதற்குத் தக்கபடி பாதையையே மாற்றுவார்களாம்.

காற்றுக்குக்கூடக் கணக்கு வைக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரன் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்துக்குக் கணக்கில்லை.

விமானம் நள்ளிரவு இரண்டு மணிக்கு என்றால் பதினொன்றுக்கே அங்கே நிற்க வேண்டும். ஹொசகோட்டை நெரிசலுக்குப் பயந்து ஏழு மணிக்கே வண்டியை எடுப்பேன். அதற்கு முன்னால் பெட்டிகள் மளிகைக்கடைத் தராசில் ஏறி இறங்கும். 23 கிலோவைத் தாண்டினால் முதலில் வெளியே வருவது இடியாப்ப மாவு. தாண்டாத நாளை நான் பார்த்ததில்லை. வழியனுப்புகிறவர்களுக்கு இன்னொரு கார். தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடியபின் பிள்ளைகளை வெளியே அனுப்பித்தான் தங்கவயல் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. போக வர இரண்டு கார் வாடகை சின்னத் தொகையல்ல. அதை வாங்கிக்கொள்பவனே நான்தான். என் பிழைப்பில் நானே மண்ணைப் போடுகிறேன் என்று சக டிரைவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

ரயில் பாதை இருக்கிறது. பங்காரப்பேட்டையிலிருந்து கோலார், சிக்கபள்ளாப்பூர், தேவனஹள்ளி வழியாக எலஹங்கா போகிறது. சின்ன ரயில் ஓடிய பாதை, 2013-இல் முழுக்க அகலப்பாதையானது. துருவம் தாண்டி விமானம் வந்த அதே 2021 ஜனவரியில் ஏர்போர்ட்டுக்கென்று இந்தப் பாதையில் ஒரு ஹால்ட்டும் திறந்தார்கள். சுற்றுவழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடுகிற சில வண்டிகளும் நள்ளிரவு விமானக்காரனை நினைத்து விட்டவை அல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். தங்கம் வேண்டியிருந்தது, தூரம் தெரியவில்லை.

இப்போது புதிதாக எதையும் இழுக்க வேண்டாம். சாயங்காலம் பங்காரப்பேட்டையில் கிளம்பி இரவு பத்துக்குள் ஹால்ட்டில் நிற்கும்படி ஒரு வண்டி. இறங்கியதும் டெர்மினலுக்குக் கொண்டுபோக ஒரு பஸ். விடியற்காலை வந்திறங்குகிறவர்களைத் திருப்பி அழைத்துவர இன்னொரு வண்டி. பெட்டி வைக்க இடம் விட்டால் இன்னும் நல்லது.