‘கான்டிமான்’: திசைமாறிய பழி

திகிற்படங்கள் திறனாய்வுக்கு உரியனவல்ல என்ற எண்ணம் கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. இதற்கு எதிர்முனையில், சமூக அநீதியொன்றைத் தொட்டுச்செல்லும் திகிற்படம் எதுவாயினும் அதனை முற்போக்கான படைப்பெனப் போற்றும் போக்கும் உண்டு. இரண்டுமே படைப்பினை உற்றுநோக்க மறுப்பவை. 1992 இல் பேர்னாட் றோஸ் நெறிப்படுத்திய ‘கான்டிமான்’ இரண்டாவது போக்கினால் பெரும்பயன் அடைந்த படமாகும்.

இதன் மூலம் ஆங்கில எழுத்தாளர் கிளைவ் பாக்கரின் சிறுகதை. இங்கிலாந்தின் வறிய குடியிருப்பொன்றில் நிகழும் அக்கதையை, றோஸ் சிக்காகோ நகரின் கப்ரினி-கிறீன் தொடர்மாடிகளுக்கு இடம்பெயர்த்தார். கொலையாளிக்கு வரலாறொன்றையும் புதிதாக வழங்கினார். அவ்வரலாற்றின்படி அவன் அடிமையாயிருந்த ஒருவரின் மகன்; ஓவியன். செல்வந்தர் ஒருவரின் மகளை ஓவியமாகத் தீட்டச் சென்றவிடத்து அவளைக் காதலிக்கிறான். 1890 இல் அத்தந்தை ஏவிய கூலிக்கும்பல் அவனது வலக்கையை அறுத்து, உடலிலே தேன்பூசித் தேனீக்களைக் கொட்டவிட்டு, இறுதியில் எரிக்கிறது. இழந்த கையின் இடத்திற் கொக்கியுடன் ஆவியாகத் திரும்பும் அவன், கண்ணாடிமுன் தன் பெயரை ஐந்து முறை உச்சரிப்போரைக் கொல்கிறான். இவ்வாய்மொழிக் கதையை ஆராயப் புகும் வெள்ளையினப் பல்கலைக்கழக மாணவி ஹெலனே கதைத்தலைவி.

படத்தின் சிறப்புகளை மறைத்தல் நேர்மையாகாது. ரொனி ரொட்டின் கம்பீரமான குரலும் பிலிப் கிளாஸின் இசையும் மலினமான அலறல்களுக்கு அப்பாற்பட்ட அச்சத்தை எழுப்புகின்றன. தான் வாழும் வசதியான மாடிக்கட்டடமும் ஆதியில் ஏழைகளுக்கெனக் கட்டப்பட்டதே என்பதை ஹெலன் கண்டறியும் இடம் கூர்மையானது. கறுப்பின மக்கள் கொல்லப்பட்டபோது அசையாத பொலிஸார், வெள்ளையினப் பெண்ணொருத்தி தாக்கப்பட்டதும் குடியிருப்பையே முற்றுகையிடுவதையும் படம் சுட்டிக்காட்டுகிறது. போற்றுவோர் எடுத்துக்காட்டுவனவும் இவற்றையே.

ஆயின், பழிவாங்கும் ஆவியின் கதைக்கு அடிப்படையான வினா ஒன்றுண்டு: பழி எவர்மீது? இவ்வினாவிற்றான் படம் தடுமாறுகிறது. அவனைக் கொன்ற வர்க்கத்தின் வழித்தோன்றல்கள் எவரையும் கான்டிமான் தேடிச்செல்வதில்லை. அவன் நடமாடுவது கறுப்பின ஏழைகளின் குடியிருப்பிலே. கவர்ந்து செல்வது அங்கு வாழும் உழைக்கும் தாயொருத்தியின் கைக்குழந்தையை. கொல்வது ஹெலனின் கறுப்பினத் தோழியை. மக்கள் தன்னை நம்புவதனாலேயே தான் வாழ்வதாகவும், நம்பிக்கை குன்றியதனாற் கொல்ல நேர்ந்ததாகவும் அவன் விளக்குகிறான். ஹெலனைத் தன் பழைய காதலியின் மறுபிறவியாகக் கருதுகிறான் என்ற குறிப்பும் இடையிற் புகுகிறது. பழி, வதந்தி, காதல் என்ற மூன்று நோக்கங்களுள் எதுவும் நிறைவுறவில்லை.

அச்சம் நீதியின் தர்க்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை எனப் படத்தின் ஆதரவாளர் வாதிடலாம். வரலாறற்ற பேய்க்கு அது பொருந்தும். கும்பற்கொலை என்னும் அமெரிக்க வரலாற்றின் மெய்யான குருதியைக் கடன்வாங்கிய படைப்புக்கு அச்சலுகை இல்லை. அக்கொடுமை திரையிற் காட்டப்படுவதுமில்லை. விருந்து மேசையிலே பேராசிரியர் ஒருவர் சுவைபடக் கூறும் கதையாகவே வந்துபோகிறது. கொன்றோர் முகமற்றோராக மறைய, கொல்லப்பட்டவனே அச்சத்தின் உருவமாக எஞ்சுகிறான்.

முடிவு இதனிலும் பாரதூரமானது. முன்னர் வெள்ளையினச் செல்வந்தரின் ஏவலாளர் எரித்த மனிதனைப் படத்தின் இறுதியிலே கப்ரினி-கிறீன் மக்களே மீண்டும் தீயிலிடுகின்றனர். அத்தீயிலிருந்து குழந்தையை மீட்டு உயிர்துறக்கும் ஹெலனுக்கு அம்மக்கள் ஊர்வலமாக வந்து அஞ்சலி செலுத்துகின்றனர். சுவரோவியத்திலே அவள் இடம்பெறுகிறாள். பின்னர் ஆவியாகத் திரும்பித் தன்னை வஞ்சித்த கணவனைக் கொல்கிறாள். படம் முழுவதிலும் உரியவரைச் சென்றடையும் பழி இது ஒன்றேயாகும். இல்லற வஞ்சனைக்கு வழங்கப்பட்ட நிறைவு, இனவெறிக் கொலைக்கு மறுக்கப்பட்டுள்ளது. படம் ஹெலனின் பார்வையையே விமர்சிக்கிறது என்போர், அப்பார்வைக்கு இறுதியிற் புனிதத்தன்மை சூட்டப்படுவது ஏன் என விளக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

2021 இல் நியா டகொஸ்ரா நெறிப்படுத்திய அதே பெயர்கொண்ட தொடர்ச்சிப்படம், இனவன்முறைக்குப் பலியான பலரின் கூட்டுருவாகக் கான்டிமானை மாற்றியமைத்து, அவனது கொக்கியைப் பொலிஸாரை நோக்கித் திருப்பியது. முதற்படத்தின் பழி எங்கு சென்றிருக்க வேண்டும் என்பதை அத்திருத்தமே உணர்த்துகிறது. அதற்குள், 2011 இல், கப்ரினி-கிறீனின் இறுதி உயர்மாடியும் இடிக்கப்பட்டுவிட்டது. அங்கு வாழ்ந்தோரை வெளியேற்றியது கொக்கிக் கையனல்லன்; நகரத் திட்டமும் நிலமதிப்புமே. அவற்றை அஞ்சக் கற்பிக்காத படம், அவற்றுக்குப் பலியானோரை அஞ்சக் கற்பித்தது. திறமைமிக்க படைப்பென்பதனால் இக்குற்றம் குறைவதில்லை. மாறாக, அதன் வலிமை பெருகுகிறது.