மாத்திரையால் தீராது தொட்டிப் பாசி

செடி வளர்க்கும் மீன் தொட்டியில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால், எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து விடும் பழக்கம் வண்ணமீன் வளர்ப்போர் சிலரிடம் இருக்கிறது. சில நாட்களில் பாசி மறையும். ஆனால், அது வந்த காரணம் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் மீண்டும் தலைகாட்டும். மறுபடியும் மாத்திரை. இந்தப் பழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

பெயர்தான் பாசி, உண்மையில் இது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சரளை மீதும் இலை மீதும் வழவழப்பான போர்வைபோல் படரும். விரலால் தள்ளினால் ஏடு ஏடாக உரிந்து வரும், வாடையும் அடிக்கும். பாக்டீரியா என்பதால்தான் ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகிறது. ஆனால், மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்களையும் அந்த மருந்து பாதிக்கலாம். தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காதவையாக மாறும். மருந்து கலந்த நீர் கடைசியில் சாக்கடைக்கே போகிறது. மனிதருக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தர வேண்டிய மருந்து, தொட்டி கழுவும் பொடி அல்ல.

நெல் விவசாயிகளுக்கு நீலப்பச்சைப் பாசி நண்பன். காற்றிலுள்ள தழைச்சத்தை வயலில் சேர்க்கும் உயிர் உரம் அது. அந்தக் குணம்தான் தொட்டியில் வினையாகிறது. பாசியைப் பட்டினி போடுவதாக நினைத்துச் செடிக்கு உரத்தை நிறுத்துவோர் உண்டு. தழைச்சத்து தீர்ந்தால் முதலில் சோர்வது செடிதான். காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும் பாசி வகைகளுக்கு அது வாய்ப்பாகிவிடும். நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

மற்ற காரணங்கள்: மிஞ்சிய தீவனம், சரளையில் தங்கும் கழிவு, நீரோட்டம் இல்லாத மூலைகள், அடைத்துப்போன ஃபில்டர், ஜன்னல் வெயில், நாள் முழுக்க எரியும் விளக்கு.

ஏற்கெனவே படர்ந்துவிட்டதா? முடிந்தவரை பாசியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். பாதி நீரை மாற்றுங்கள். பிறகு 3 அல்லது 4 நாட்கள் விளக்கை அணைத்து, துளி வெளிச்சமும் புகாதபடி தொட்டியைக் கருப்புத் துணியால் மூடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு கொடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டும். ஏர் பம்பு இடைவிடாமல் ஓட வேண்டும். பாசி மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறையும். வளர்ந்த, நலமான மீன்கள் இத்தனை நாள் தீவனம் இல்லாமல் தாங்கும். துணியை எடுத்ததும் மடிந்த பாசியை நீக்கி, மீண்டும் பாதி நீரை மாற்றுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

அதன் பின் தினமும் 6 மணி நேர விளக்கு போதும். டைமர் வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கே தீவனம் போடுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். வேகமாக வளரும் செடிகளைக் கூட்டுங்கள். பாசி தின்னும் என்று சொல்லி விற்கப்படும் மீன்களும் நத்தைகளும் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. இவற்றில் சில வகைகள் நஞ்சு சுரப்பவை. குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறக்காதீர்கள். எடுத்த பாசியை ஆடு, மாடு, கோழி வாய் வைக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் தொட்டி விற்பவர்தான் பலருக்கு முதல் ஆலோசகர். மாத்திரைப் பெயர் சொல்வதற்குப் பதிலாக, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று அவர் கேட்க வேண்டும். மீன்வளத் துறையின் வண்ணமீன் பயிற்சிகளிலும் இதற்கு ஒரு பாடம் ஒதுக்க வேண்டும். தொட்டியைச் சரிசெய்யாமல் மருந்தை மட்டும் ஊற்றினால், பாசி திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.