உப்பு மண்ணில் உழைப்போர்

கடலின் பெரும்பகுதி காய்ந்து பாலையாயிற்று என்றால் நம்புவீர்களா? நடந்தது, மத்திய ஆசியாவிலே! உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிய ஆரல் கடல், 1960-க்குப் பிறகு வற்றத் தொடங்கிற்று. தெய்வக்குற்றமா? இல்லை. தலைவிதியா? இல்லவே இல்லை! ஆமு தாரியா, சிர் தாரியா எனும் இரு ஆறுகளின் நீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பினர் சோவியத்துத் திட்டக்காரர்கள். பருத்தி செழித்தது, கடல் வறண்டது! மொய்னாக் துறைமுகத்து மீன்பிடிக் கப்பல்கள் மணலிலே துருப்பிடித்து நிற்கின்றன. கடலடியில் கிடந்த உப்பும், வயல்களிலிருந்து வந்த பூச்சிமருந்தும் புழுதியாய்ப் பறந்து ஏழையின் மூச்சிலே புகுகின்றன.

அந்தப் பாழ்நிலத்தை மீட்க, 2018 இறுதியில் உஸ்பெகிஸ்தான் அரசு சாக்சவுல் என்னும் புதர்ச்செடியை விதைக்கவும் நடவும் பெரும் இயக்கமே தொடங்கிற்று. உப்பைத் தாங்கும் செடி அது. பச்சைக் குச்சியே அதற்கு இலை. காற்றைத் தடுக்கும், மணலைப் பிடிக்கும். பாராட்டுகிறோம்! ஆனால், அதன் அடியிலே உழைப்பது யார் என்று கேட்டவர் உண்டா?

உதிர்ந்த குச்சிகளையும், வேர் கசியவிடும் சத்தையும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிகோடியாய் அங்கே வாழ்கின்றன. குப்பையை மட்கச் செய்பவை அவை. தழைச்சத்தைச் செடி ஏற்கும் வடிவில் தருபவை அவை. பசைபோன்ற பொருளால் மண்துகளைப் பிணைப்பவை அவை! குச்சியோடு உப்பும் உதிர்ந்து மேல்மண்ணில் சேருவதுண்டு. உப்போ உயிரின் நீரை உறிஞ்சுவது. அஞ்சி மடிகின்றனவா அனைத்தும்? இல்லை! உப்பைத் தாங்கும் இனங்கள், தம் உடலுக்குள் சில கரிமப் பொருள்களைச் சேர்த்துவைத்து, நீரை இழக்காமல் நின்று உழைக்கின்றன. ஆகவேதான் புதரடி மண் வளத்தீவாகிறது. சற்றுத் தள்ளினால் வெறும் பொட்டல்.

எனவே, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டி மார்தட்டினால் போதாது. எத்தனை கன்று பிழைத்தது? அடிமண் உயிர்பெற்றதா? அந்தக் கணக்கு வேண்டும்! வளர்ந்த புதரை விறகுக்கு வெட்டினால், வீழ்வது ஒரு செடியன்று. ஆண்டுக்கணக்கில் உருவான ஒரு குடியிருப்பு. வெட்டுகிறவனும் ஏழைதான். அவன் அடுப்பெரிய வேறு வழி செய்யாமல் தடைமட்டும் போட்டுப் பயனென்ன?

மேலே நிற்பவனுக்கு மாலை, கீழே உழைப்பவனுக்கு மறதி என்னும் நீதி, மண்ணுக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது!